போர்க்கலாவில் பதினோர் ஆண்டுகள்

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எம்போன்றோர்க்குச் சில சொற்கள் தீராத தொல்லை தருவன. ருஷ்ய மொழியில் 'மொர்ஸ்கயா பெஹோத்தா' என்று ஒரு தொடர் உண்டு. கப்பலில் சென்று கரையில் இறங்கி, கால்நடையாகவே போரிடும் வீரர்களை அது குறிக்கும். கடற்படை என்றால் மாலுமிகள் நினைவுக்கு வருகின்றனர். காலாட்படை என்றால் கடல் மறைந்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்துக் 'கடற்காலாட்படை' என்று சொல்லிக்கொள்வதைத் தவிர நமக்கு வேறு வழியில்லை. ருஷ்யாவில் இத்தகைய படையை முதன்முதல் நிறுவியவர் மகா பீட்டர், ஆண்டு 1705. இரண்டாம் உலகப் போரில், கருங்கடற்கரையிலும் லெனின்கிராடைச் சூழ்ந்த களங்களிலும் மாலுமிகள் ஆயிரக்கணக்கில் கப்பலை விட்டிறங்கித் தரையில் நின்று போரிட்டு மாண்டனர். அவர்களுடைய வீரக்கதைகள் பலரும் அறிந்தவை.

நாம் இங்கு எடுத்துக்கொள்வது அவ்வளவு அறியப்படாத ஒரு படையின் வரலாறு. ஸோவியத் கடற்படையின் 1ஆம் எண் கடற்காலாட்படை டிவிஷன் என்பது அதன் பெயர். அது எந்தக் கரையிலும் போரிட்டு இறங்கவில்லை. பகையில்லாத காலத்தில், ஒப்பந்தத்தின்படி, அயல்நாட்டு மண்ணில் வந்து அமர்ந்தது. ஒப்பந்தத்தின்படியே திரும்பிச் சென்றது. இடைப்பட்ட காலத்தில் ஒரு சிறு நாட்டின் தலைநகரம் முழுவதும் அதன் இருப்பை மறவாமல் வாழ்ந்தது.

இப்படை கடலோரத்தில் பிறந்ததன்று. செஞ்சேனையின் 55ஆவது துப்பாக்கி டிவிஷன் என்ற தரைப்படையே இதன் முன்னுருவம். அது கூர்ஸ்க் பெரும்போரில் ஈடுபட்டது. 1944 ஜனவரியில் பெலாரஸ் நாட்டில் பிரிபெத் நதிக்கரையிலுள்ள மோஸிர் நகரை மீட்டதில் பங்குகொண்டு, அந்நகரின் பெயரையே பட்டமாகப் பெற்றது. சதுப்பு நிலத்திலும் காட்டிலும் நடந்து தேய்ந்த அக்கால்களுக்கு அவ்வாண்டின் பிற்பகுதியில் கடற்படைப் பெயர் வழங்கப்பட்டது. துப்பாக்கி டிவிஷன் கடற்காலாட்படை டிவிஷன் ஆயிற்று. அனுப்பப்பட்ட இடம், பின்லாந்தின் தென்கரையிலுள்ள போர்க்கலாத் தீபகற்பம்.

ஏன் போர்க்கலா? தேசப்படத்தைப் பார்ப்போர்க்கு விடை எளிதிற் புலனாகும். பால்டிக் கடலின் கிழக்குக் கிளையாகிய பின்லாந்து வளைகுடாவின் கோடியில் லெனின்கிராட், அதாவது இன்றைய ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க், இருக்கிறது. வடகரையில் பின்லாந்து, தென்கரையில் எஸ்தோனியா. போர்க்கலாவுக்கு அருகில் வளைகுடா மிகவும் குறுகி, எதிர்க்கரைத் தீவாகிய நைஸாரிலிருந்து ஏறத்தாழ 36 கிலோமீட்டரே உள்ளது. இரு புறத்திலும் பெரிய பீரங்கிகளை நிறுத்திவிட்டால், லெனின்கிராடுக்குச் செல்லும் கடல்வழி ஒரு வாசற்கதவு போல் மூடப்பட்டுவிடும். ஜார் காலத்து ராணுவத்தாரும் இதை உணர்ந்திருந்தனர். முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் அவர்கள் கட்டத் தொடங்கிய 'மகா பீட்டர் கடற்கோட்டை' இவ்விரு கரைகளையுமே தூண்களாகக் கொண்டிருந்தது.

1939 நவம்பர் 30 அன்று ஸோவியத் யூனியன் பின்லாந்தைத் தாக்கியது. குளிர்காலப் போர் எனப்படும் அந்தப் போர் 1940 மார்ச்சில் முடிந்தபோது, மேற்கே இன்னும் தொலைவிலுள்ள ஹாங்கோ துறைமுகத்தை 30 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்துக் கடற்படைத் தளம் அமைத்தது. 1941இல் மீண்டும் போர் மூண்டது. ஹாங்கோவிலிருந்த ஸோவியத் வீரர்கள் நாலாபுறமும் வளைக்கப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரில் கண்ணிவெடி நிறைந்த கடலைக் கடந்து வெளியேற வேண்டியதாயிற்று. அந்த அனுபவம் மாஸ்கோவுக்கு ஒரு பாடம் கற்பித்தது போலும். 1944 செப்டம்பர் 19 அன்று கையெழுத்தான போர்நிறுத்த ஒப்பந்தத்தில் ஹாங்கோவை விட்டுக்கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகப் போர்க்கலாவை 50 ஆண்டுக் குத்தகைக்குக் கேட்டுப் பெற்றது. ஆண்டுக் குத்தகை 50 லட்சம் பின்னிஷ் மார்க்.

ஆனால் ஹாங்கோவுக்கும் போர்க்கலாவுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஹாங்கோ தலைநகரிலிருந்து நெடுந்தொலைவு. போர்க்கலாக் குத்தகை நிலத்தின் எல்லையோ ஹெல்ஸிங்கியிலிருந்து 30 கிலோமீட்டருக்கும் குறைவு. நீண்ட தூரப் பீரங்கி அங்கே இருந்தால், குண்டு தலைநகரத்துக்குள் விழும். கடல்வாசலைக் காக்க என்று பெறப்பட்ட இடம், ஒரு நாட்டின் கழுத்தருகே வைத்த கையாகவும் ஆயிற்று. இரண்டு நோக்கங்களில் எது பெரிது என்று ஆராய்ச்சியாளர்கள் வாதிடலாம். ஹெல்ஸிங்கி மக்களுக்கு அந்த ஐயம் இருந்ததில்லை.

ஒப்பந்தம் கையெழுத்தானதும், அந்நிலத்தில் வாழ்ந்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் பத்தே நாட்கள். டேகர்பி என்ற ஊராட்சி முழுவதும், கிர்க்கோனும்மியின் பெரும்பகுதியும், ஸியுண்டியோ, இன்கோ, எஸ்போ ஆகியவற்றின் சில பகுதிகளும் குத்தகையில் அடங்கின. தரை மட்டும் ஏறத்தாழ 380 சதுர கிலோமீட்டர். கடற்பரப்பையும் சேர்த்தால் 1000 சதுர கிலோமீட்டர் அளவு வரும். வெளியேற வேண்டியவர்கள் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர். இலையுதிர் காலம், வயலிலும் களத்திலும் வேலை முடியாத நேரம். மாடுகளை ஓட்டிக்கொண்டும், தானியத்தையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் வண்டிகளில் ஏற்றிக்கொண்டும் குடும்பங்கள் புறப்பட்டன. செப்டம்பர் 29இல் அந்நிலம் ஆளற்றுக் கிடந்தது.

அதே காலத்தில் கரேலியா முதலிய பகுதிகளை ஸோவியத்துக்கு இழந்து பின்லாந்துக்குள் வந்து சேர்ந்த அகதிகள் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்கள் நடுவே இந்த ஏழாயிரம் பேரின் துயரம் வெளியுலகின் கண்ணுக்குப் படவில்லை. இவர்களுக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. இப்பகுதி மக்களில் பெரும்பாலோர் ஸ்வீடிஷ் மொழி பேசுவோர். பின்லாந்து முழுவதையும் நோக்க மிகச் சிறுபான்மையினர். தம் ஊரில் இருந்தவரை கோயிலிலும் பள்ளியிலும் கடைத்தெருவிலும் தம் மொழியே வழங்கிவந்தது. ஊர் கலைந்தபின் அந்த நிலை எங்கே கிடைக்கும்? வேற்றுமொழி வழங்கும் ஊர்களில் குடியேறி வாழும் நம் வாசகர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. நாமாவது விரும்பிப் புறப்பட்டவர்கள். விடுமுறைக்குச் சென்றால் ஊர் அங்கேயே இருக்கிறது. டேகர்பி ஊராட்சியோ 1946இல் சட்டப்படியும் கலைக்கப்பட்டு, இன்கோவுடன் இணைக்கப்பட்டது.

காலியான வீடுகளில் கடற்காலாட்படையினர் வந்து தங்கினர். நாளடைவில் அதிகாரிகளின் குடும்பங்களும் வந்தன, பள்ளிக்கூடங்கள் திறக்கப்பட்டன, தேவைக்கேற்பப் புதிய கட்டடங்கள் எழுந்தன, பழைய வீடுகள் பல விறகுக்கும் கட்டட மரத்துக்கும் இரையாயின. இடைக்காலத்தில் கல்லாற் கட்டப்பட்ட கிர்க்கோனும்மி தேவாலயம் படைவீரர்களின் பொழுதுபோக்கு மன்றமாக மாறியது. காட்டினுள்ளும் பாறைச் சரிவிலும் கான்கிரீட் பதுங்கறைகள் ஏராளமாகக் கட்டப்பட்டன. அவற்றின் முகம் கடலை மட்டும் நோக்கவில்லை, தரையையும் நோக்கியது. ஹாங்கோவில் வளைக்கப்பட்டதை இப்படையின் தலைவர்கள் மறந்துவிடவில்லை.

கரையிறங்கிப் போரிடும் வீரர்களுக்கு இங்கே அந்த வேலையே இல்லை. காவல் காப்பதும், குழி தோண்டுவதும், பயிற்சி செய்வதுமே அன்றாட அலுவல். ஆகவே 1948இல் இது இயந்திரத் துப்பாக்கி, பீரங்கி டிவிஷனாக மாற்றியமைக்கப்பட்டது. 'கடற்காலாட்படை' என்ற பெயர் நான்காண்டுகூட முழுமையாக நிலைக்கவில்லை. பெயர் மாறிற்றேயன்றி இடம் மாறவில்லை.

இக்காலத்தின் விந்தைகளுள் ஒன்று ரயில் பற்றியது. ஹெல்ஸிங்கியிலிருந்து மேற்கே துர்க்கு நகருக்குச் செல்லும் கடலோர இருப்புப்பாதை இக்குத்தகை நிலத்தின் ஊடே செல்கிறது. முதலில் பின்லாந்து ரயில்கள் அவ்வழியே செல்ல இயலாமல் வடக்கே சுற்றிச் சென்றன. 1947இன் இறுதியில் அனுமதி கிடைத்தது, ஆனால் நிபந்தனைகளுடன். எல்லை நிலையத்தில் வண்டி நிற்கும். பெட்டிகளின் சன்னல்கள் வெளியிலிருந்து பலகைகளால் அடைக்கப்படும். பின்லாந்து எஞ்சின் கழற்றப்பட்டு ஸோவியத் எஞ்சின் பூட்டப்படும், காவலர்கள் ஏறிக்கொள்வர். பயணிகள் இருட்டில், ஒன்றும் காணாமல், தங்கள் நாட்டின் ஒரு பகுதியைக் கடந்து செல்வர். மறு எல்லையில் பலகைகள் அகற்றப்படும். இதற்கு 'உலகிலேயே நீளமான சுரங்கப்பாதை' என்று மக்கள் பெயரிட்டனர். இரண்டு பகல் மூன்று இரவு ரயிலில் கழித்து ஊர் செல்லும் நம்மவர், சன்னலோர இடத்துக்குப் படும் பாட்டை நினைத்தால் இந்தக் கேலியின் கசப்பு விளங்கும். அப்பெட்டிகளில் அமர்ந்தவர்களுள், பலகைக்கு அப்பால் தம் சொந்த வீடு இருந்தவர்களும் இருந்திருப்பர் அல்லவா?

பின்லாந்து ஸோவியத் ஆதிக்கத்துள் முழுதும் அமிழ்ந்துவிடவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தேர்தல்கள் நடந்தன, பாராளுமன்றம் இயங்கியது. போர்நிறுத்தத்தை மேற்பார்வையிட ஜ்டானோவ் தலைமையில் ஹெல்ஸிங்கியில் அமர்ந்திருந்த நேசநாட்டுக் கட்டுப்பாட்டுக் கமிஷன் 1947இல் வெளியேறியது. ஆனால் 1948 பிப்ரவரியில் செக்கோஸ்லோவாக்கியாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றியபோது, அடுத்தது நாமோ என்ற அச்சம் பின்லாந்தில் பரவியது. போர்க்கலாவிலுள்ள படை ஒரு நாள் காலையில் நகருக்குள் நடந்து வந்துவிட்டால் தடுப்பவர் யார்? அது நடக்கவில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் இரு நாடுகளுக்கும் நட்புறவு உடன்படிக்கை ஏற்பட்டது. எமது கருத்தில், அப்படையின் வலிமை அது செய்ததில் இல்லை. செய்யக்கூடும் என்று பிறர் எண்ணிக்கொண்டதிலேயே இருந்தது.

ஸ்டாலின் 1953இல் மறைந்தார். புதிய தலைவர்கள் மேல்நாடுகளுடன் உறவைச் சீர்செய்ய முனைந்தனர். 1955 மே மாதத்தில் ஆஸ்திரிய உடன்படிக்கை கையெழுத்தாகி, அந்நாட்டிலிருந்து வெளிநாட்டுத் துருப்புகள் விலக வழி பிறந்தது. அதே மாதத்தில் சீனாவின் போர்ட் ஆர்தரிலிருந்தும் ஸோவியத் படைகள் விலகின. நீண்ட தூர விமானங்களும் அணுகுண்டும் வந்துவிட்ட யுகத்தில், கரைப் பீரங்கிகளால் வளைகுடாவை மூடுவது என்ற பழைய எண்ணம் மதிப்பிழந்திருந்தது. அமெரிக்கா அயல்நாடுகளில் தளங்கள் வைத்திருப்பதைக் கண்டிக்கும்போது தம்மிடமே அப்படி ஒன்று இருப்பது இடர்ப்பாடுதானே? குருஷ்சேவ் பின்னாளைய தம் நினைவுக் குறிப்புகளில், அத்தளத்தால் பயனைக் காட்டிலும் அரசியல் கேடே மிகுதி என்ற கருத்துப்படக் கூறியிருக்கிறார்.

1955 செப்டம்பரில் பின்லாந்துக் குடியரசுத் தலைவர் பாஸிகிவி மாஸ்கோ சென்றார். அவருக்கு அப்போது வயது 84. 1920இல் ஸோவியத் ருஷ்யாவுடன் முதல் சமாதானம் பேசியவரும் அவர்தாம். 1939இல் போருக்கு முன் ஸ்டாலினுடன் பேசிப் பயனின்றித் திரும்பியவரும் அவரே. 1940இல் கசப்பான சமாதானத்துக்காகச் சென்ற குழுவிலும் அவர் இருந்தார். ஒவ்வொரு முறையும் எதையோ கொடுத்துவிட்டு வந்தவர், முதல் தடவையாக ஒன்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வந்தார். செப்டம்பர் 19 அன்று, போர்நிறுத்தம் கையெழுத்தான அதே தேதியில், போர்க்கலாவைத் திருப்பித் தரும் ஒப்பந்தம் முடிவாயிற்று. கைம்மாறாக நட்புறவு உடன்படிக்கை மேலும் 20 ஆண்டுக்கு நீட்டப்பட்டது. இரண்டு மாதங்கள் கழித்துப் புல்கானினும் குருஷ்சேவும் நம் நாட்டுக்கு வந்ததையும், கல்கத்தாவில் மக்கள் கடலெனத் திரண்டதையும் வீட்டிலுள்ள முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஸோவியத் ராஜதந்திரத்தின் அதே பருவகாலத்தில் நிகழ்ந்தவை இவ்விரண்டும்.

1956 ஜனவரி 26 அன்று, 50 ஆண்டுக் குத்தகை 12ஆம் ஆண்டிலேயே முடிவுற்றுப் போர்க்கலா பின்லாந்தின் கையில் ஒப்படைக்கப்பட்டது. ஒரு காலத்தில் 1ஆம் எண் கடற்காலாட்படை டிவிஷன் எனப் பெயர் பெற்றிருந்த படையும் அத்துடன் கலைக்கப்பட்டது. அவ்வாண்டுகளில் ஸோவியத் நாட்டில் கடற்காலாட்படை என்ற அமைப்பே வேண்டாததெனக் கருதப்பட்டது. பிறகு மனம் மாறி, 1963இல் பால்டிக் கரையில் ஒரு ரெஜிமெண்டுடன் அதை மீண்டும் தொடங்கினர். 1968இல் பசிபிக் கரையில் விளாடிவாஸ்டாக்கில் ஒரு டிவிஷனும் அமைந்தது. அதன் எண் 55. பழைய துப்பாக்கி டிவிஷனின் எண்ணும் அதுவே என்றாலும், இரண்டுக்கும் வழிவழித் தொடர்பு கற்பிக்க வேண்டியதில்லை. 2009இல் அதுவும் சுருங்கி ஒரு பிரிகேடாயிற்று.

குண்டுகளும் கண்ணிவெடிகளும் எஞ்சியுள்ளனவா என்று சோதித்த பின்னர், 1956 பிப்ரவரியில் பழைய குடிகள் தம் ஊர்களைப் பார்க்க அனுமதிக்கப்பட்டனர். பனி மூடிய நிலத்தில் சிலர் தம் வீட்டைக் கண்டனர். சிலர் அடித்தளக் கற்களை மட்டும் கண்டனர். வயல்களில் புதர் மண்டி இளமரங்கள் வளர்ந்திருந்தன. முன்பு வீடே இல்லாத இடத்தில் எவரோ கட்டிய வீடு நின்றது. அதற்குள் வேறிடங்களில் நிலம் பெற்று வேரூன்றிவிட்டவர்கள் பலர். அவர்கள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிச் சென்றனர். மற்றவர்கள் தங்கிப் புதரை வெட்டத் தொடங்கினர். தேவாலயம் பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் வழிபாட்டுக்கு வந்தது. தீபகற்பத்தில் உபின்னியெமி என்ற இடத்தில் பின்லாந்து தன் கடற்படைத் தளத்தைக் கட்டிக்கொண்டது. 2023 ஏப்ரலில் அந்நாடு நேட்டோ கூட்டணியில் சேர்ந்தது.

டேகர்பியில் இக்காலத்தை நினைவூட்டும் சிறிய காட்சிசாலை ஒன்று இருக்கிறது. அதற்கு 'இகோர்' என்ற ருஷ்யப் பெயரையே வைத்திருக்கின்றனர். காடுகளில் பதுங்கறைகள் பாசி படிந்து கிடக்கின்றன. கிர்க்கோனும்மியைச் சேர்ந்த கோல்ஸார்பியில் ஸோவியத் கல்லறைத் தோட்டம் உள்ளது. போர் நடவாத பதினோர் ஆண்டுகளில் நோயாலும் விபத்தாலும் இறந்தவர்கள் அங்கே துயில்கின்றனர். படைவீரர்களின் கல்லறைகளோடு, அங்கே பிறந்து அங்கேயே மாண்ட சிறு குழந்தைகளின் கல்லறைகளும் அத்தோட்டத்தில் இருக்கின்றன.