'மார்ச் 8': கம்போங் மேடான் பற்றிய தமிழ் நூல் ஏன் தடை செய்யப்பட்டது?

2001 மார்ச் மாதம். பெட்டாலிங் ஜெயாவின் தெற்கே, பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய கம்போங் மேடானில் வன்முறை வெடித்தது. 6 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 5 பேர் இந்தியர்கள், ஒருவர் இந்தோனேசியர். பலர் வெட்டுக்காயங்களுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 150-க்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர்.

இன்றைய இளைஞர்களில் பலருக்கு இந்தச் சம்பவமே தெரியாது. அதற்கு ஒரு காரணம், இதைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட நூல் தடை செய்யப்பட்டதுதான்.

அங்கே என்ன நடந்தது?

ஒரு மலாய்க்காரர் வீட்டுத் திருமணமும் ஓர் இந்தியர் வீட்டு இறுதிச்சடங்கும் அருகருகே நடந்தன. அதில் வந்த தகராறு முற்றி இனக்கலவரம் ஆனது என்பதே பரவலாகச் சொல்லப்பட்ட விளக்கம்.

ஆனால் அந்த வட்டாரத்தின் நிலைமையையும் பார்க்க வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வெளியேறிய தமிழர்கள், கிராமங்களிலிருந்து வந்த மலாய்க்காரர்கள், இந்தோனேசியத் தொழிலாளர்கள் என எல்லோரும் நெருக்கியடித்து வாழ்ந்த புறம்போக்குக் குடியிருப்புகள் அங்கே இருந்தன. வறுமை, வேலையின்மை, குண்டர் கும்பல் பிரச்சினை எல்லாமே அங்கே ஏற்கெனவே இருந்தவை.

நூல் என்ன சொன்னது?

'சுவாராம்' மனித உரிமை அமைப்பைச் சேர்ந்த கா. ஆறுமுகம் எழுதிய 'மார்ச் 8' 2006-இல் வெளிவந்தது. இரு தரப்பும் மோதிக்கொண்டதாகச் சொல்லப்படும் கதையை அது ஏற்கவில்லை. தாக்கப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து சம்பவத்தைப் பதிவு செய்ததோடு, காவல்துறை நடந்துகொண்ட விதத்தையும் கேள்விக்கு உட்படுத்தியது.

பொது விசாரணை வேண்டும் என்று சமூக அமைப்புகள் மனித உரிமை ஆணையமான சுஹாகாமிடம் கேட்டிருந்தன. அந்த விசாரணை நடக்கவில்லை. அதிகாரபூர்வ விசாரணை அறிக்கை எதுவும் இல்லாத நிலையில்தான் இந்த நூலின் முக்கியத்துவம் கூடியது.

தடைக்கு என்ன காரணம் சொன்னார்கள்?

பொது ஒழுங்குக்குப் பாதகம் என்று கூறி, உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சு நூலைத் தடை செய்தது. ஆறுமுகம் நீதிமன்றம் சென்றார். 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை உறுதி செய்தது.

1969 மே 13 கலவரத்தைச் சந்தித்த நாடு இது. பழைய இனக்காயத்தைக் கிளறினால் மீண்டும் ரத்தம் சிந்தும் என்பது அரசுத் தரப்பின் வழக்கமான வாதம். 'உண்மையை மூடி வைத்தால் வதந்திதானே வளரும்?' என்பது எதிர்த்தரப்பின் கேள்வி.

எந்தச் சட்டம் இதற்கு வழி செய்கிறது?

1984-ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம். இதன்படி ஒரு நூலைத் தடை செய்ய அமைச்சரின் ஆணை போதும். தடை செய்யப்பட்ட நூலைத் தகுந்த காரணமின்றி வைத்திருந்தாலே 5,000 ரிங்கிட் வரை அபராதம். அச்சிட்டாலோ விற்றாலோ 3 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும்.

நாளிதழ் நடத்தவும் பெர்மிட் வேண்டும். 1987 அக்டோபரில் நடந்த 'ஓப்பராசி லாலாங்' நடவடிக்கையில் 100-க்கும் மேற்பட்டோர் கைதானபோது தி ஸ்டார், சின் சியூ, வாத்தான் ஆகிய 3 பத்திரிகைகளின் பெர்மிட் பறிக்கப்பட்டது.

தமிழ்ப் பத்திரிகையும் தப்பவில்லை. 2008 ஏப்ரலில் 'மக்கள் ஓசை' நாளிதழின் பெர்மிட்டைப் புதுப்பிக்க அமைச்சு மறுத்தது. ஹிண்ட்ராப் பேரணி நடந்து 5 மாதங்களே ஆகியிருந்த நேரம் அது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு பெர்மிட் கிடைத்தது.

தடை மட்டும்தான் தணிக்கையா?

இல்லை. பத்திரிகை யார் கையில் இருக்கிறது என்பதும் முக்கியம். உத்துசான் மலேசியா அம்னோவின் பிடியிலும், தி ஸ்டார் ம.சீ.ச.வின் பிடியிலும் இருந்தன. 'தமிழ் நேசன்' நீண்ட காலம் ம.இ.கா. தலைவர் சாமிவேலுவின் குடும்பத்தாரிடம் இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் எதை எழுதக்கூடாது என்று யாரும் போன் போட்டுச் சொல்லத் தேவையில்லை. ஆசிரியருக்கே தெரியும்.

மக்கள் என்ன செய்தார்கள்?

2007 நவம்பர் 25 அன்று ஹிண்ட்ராப் அழைப்பை ஏற்று ஆயிரக்கணக்கானோர் கோலாலம்பூரில் திரண்டனர். கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் அவர்களை எதிர்கொண்டன. இயக்கம் முன்வைத்த குறைகளில் கம்போங் மேடானும் ஒன்று.

ஊடகத் துறையில் வேறொரு வழி திறந்தது. 1999-இல் தொடங்கிய இணையச் செய்தித்தளம் மலேசியாகினிக்கு அச்சு பெர்மிட் தேவைப்படவில்லை. வாசகர்களின் கருத்துப் பதிவுகளுக்காக 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு 5 லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தது. சில மணி நேரத்திலேயே பொதுமக்கள் அந்தத் தொகையைத் திரட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது நிலைமை என்ன?

2012 திருத்தத்துக்குப் பிறகு பெர்மிட்டை ஆண்டுதோறும் புதுப்பிக்கத் தேவையில்லை. பெர்மிட் குறித்த அமைச்சரின் முடிவை நீதிமன்றத்தில் எதிர்க்கவும் முடியும். ஆனால் பெர்மிட் முறையும், நூல்களைத் தடை செய்யும் அதிகாரமும் நீக்கப்படவில்லை.

தடைகளை நீதிமன்றம் ரத்து செய்ததும் உண்டு. 2008-இல் தடை செய்யப்பட்ட 'சிஸ்டர்ஸ் இன் இஸ்லாம்' அமைப்பின் நூலுக்கு 2010-இல் உயர் நீதிமன்றம் வழிவிட்டது. 'மார்ச் 8' நூலுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. கம்போங் மேடானில் உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்குப் பொது விசாரணையும் கிடைக்கவில்லை.