வாய்ச்சொல்லும் ஏட்டுக் குறிப்பும்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையும் புக்கிட் தீமா சாலையும் கூடும் சந்தி தமிழர்க்குப் புதியதன்று. தேக்காச் சந்தைக்குக் காய்கறி வாங்க வருவோரும், வீரமாகாளியம்மன் கோவிலுக்கு வழிபட வருவோரும் நாள்தோறும் கடந்து செல்லும் இடம் அது. சிங்கப்பூரின் முதல் தானியங்கிப் போக்குவரத்து விளக்குகள் 1948ஆம் ஆண்டில் இச்சந்தியிலேயே நிறுவப்பட்டன என்பதைப் பலர் அறியார். லிட்டில் இந்தியாவின் வாயிலில் எரிந்த அவ்விளக்கு, சாலை ஒழுங்கின் வரலாற்றில் ஒரு திருப்பத்தைக் குறிக்கிறது. அதுவரை மனிதன் மனிதனுக்குக் கையாலும் வாயாலும் சொல்லிவந்ததை, அன்றுமுதல் ஒரு கருவியும் சொல்லத் தொடங்கியது.

காவலர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "இனி இவ்வாறு செய்யாதீர்கள்" என்று வாயால் எச்சரித்து அனுப்பிவிட்டால், அச்சொல் ஓட்டுநரின் பதிவேட்டில் ஏறுமா? கேட்பதற்குச் சிறிய வினாவே. ஆயினும், வாடகை வண்டியோ சரக்கு வண்டியோ ஓட்டிக் குடும்பத்தைக் காப்பவனுக்கு இது சோற்றுக்கான வினா. விடை காண வேண்டுமாயின், ஏடு பிறந்த கதையை முதலில் அறிதல் வேண்டும்.

மாடும் மோட்டாரும்

சிராங்கூன் வட்டாரம் ஒரு காலத்தில் மாட்டுத் தொழுவங்களின் இருப்பிடம். இன்றும் அங்குள்ள 'கெர்பாவ்' சாலையின் பெயர் மலாய் மொழியில் எருமையைக் குறிப்பதாகும். மாட்டு வண்டிகளும் குதிரை வண்டிகளும் சென்ற தெருக்களில் 1880ஆம் ஆண்டில் ரிக்‌ஷா வந்து சேர்ந்தது. 1896இல் முதல் மோட்டார் வண்டி சிங்கப்பூர் மண்ணைத் தொட்டது. மெல்ல நடந்த மாடும் விரைந்து பாய்ந்த மோட்டாரும் ஒரே தெருவைப் பங்கிட்டுக்கொள்ள நேர்ந்தபோது, சந்திகளில் காவலர் நின்று வழிகாட்டுதல் இன்றியமையாததாயிற்று.

இரண்டாம் உலகப் போருக்கு முற்பட்ட காலத்துப் போக்குவரத்துக் காவலரின் முதுகில், இரு பக்கமும் நீண்ட பிரம்புச் சிறகு ஒன்று கட்டப்பட்டிருந்தது. வெயிலில் நெடுநேரம் கைகளை நீட்டிக்கொண்டு நிற்கும் துன்பத்தை அது நீக்கியது. காவலர் உடலைத் திருப்பினால் போதும். சிறகே ஒரு பக்கத்தை நிறுத்தி மறுபக்கத்துக்கு வழிவிட்டது. ஒழுங்கு மீறியவனை அதட்ட அவரிடம் இருந்த உடனடிக் கருவி அவர்தம் குரலே. அந்தக் குரல் காற்றோடு போயிற்று. அதனை எந்த ஏடும் ஏற்று வைக்கவில்லை.

ஏடு பிறந்த கதை

குற்றத்தை ஓட்டுநரின் பெயரோடு பிணைத்து எழுதி வைக்கும் வழக்கம் பிரித்தானியச் சட்டத்தில் வேர்கொண்டது. 1903ஆம் ஆண்டின் மோட்டார் வண்டிச் சட்டம் அந்நாட்டில் ஓட்டுநர் உரிமத்தை ஏற்படுத்தியது. நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்த்தபின், அக்குற்றத்தை உரிமத்தின் மேலேயே எழுதிவைக்கவும் அச்சட்டம் வகை செய்தது. ஈண்டு மாணவர் கருதத்தக்கது ஒன்றுண்டு. உரிமத்தில் ஏறியது காவலரின் ஐயம் அன்று. நீதிமன்றத்தின் முடிவே ஏறியது. சொல்லுக்கும் ஏட்டுக்கும் இடையே நீதி என்னும் வாயில் ஒன்று அன்றே வைக்கப்பட்டது.

பிரித்தானிய ஆட்சியில் வளர்ந்த சிங்கப்பூரும் இந்நெறியையே தழுவியது. 1961ஆம் ஆண்டில் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இயற்றப்பட்டது. 1983ஆம் ஆண்டில் 'ஓட்டுநர் மேம்பாட்டுப் புள்ளி முறை' நடைமுறைக்கு வந்தது. இதன்படி, குற்றத்தின் தன்மைக்கேற்பக் குற்றப் புள்ளிகள் பதிவாகும். 24 மாதங்களுக்குள் 24 புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் தற்காலிகமாக நிறுத்தப்படும். உரிமம் பெற்று ஓராண்டு நிறையாத புதிய ஓட்டுநர், அவ்வோராண்டுக்குள் 13 புள்ளிகள் பெற்றால் உரிமத்தையே இழப்பார். அதே வேளையில், 12 மாதங்கள் தொடர்ந்து புள்ளி பெறாதிருப்பவரின் பழைய புள்ளிகள் நீக்கப்படும். தண்டிப்பது மட்டுமன்றித் திருந்துவோர்க்கு வழிவிடுவதும் இம்முறையின் நோக்கம் என்பதை அதன் பெயரே உணர்த்தும்.

புள்ளி எப்போது பதிவாகிறது? ஓட்டுநர் தம் தவற்றை ஏற்று அபராதம் செலுத்தும்போது பதிவாகிறது. அல்லது நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்க்கும்போது பதிவாகிறது. வாய்மொழி எச்சரிக்கையில் இவ்விரண்டும் இல்லை. ஆகவே அதற்குப் புள்ளி இல்லை, அபராதம் இல்லை, குற்றத் தீர்ப்பும் இல்லை. வினாவுக்கு நேரான விடை இதுவே.

எச்சரிக்கையின் எடை

எனினும், எச்சரிக்கை என்பது எடையற்ற சொல் என்று கொள்ளலாகாது. லிட்டில் இந்தியாவின் அண்மை வரலாறே இதற்குச் சான்று. 2013ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷியர் சாலையும் சந்திக்கும் இடத்தில், தமிழகத்திலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளர் ஒருவர் பேருந்தில் சிக்கி உயிரிழந்தார். அதனைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. 25 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. 57 பேர் தாயகத்துக்கு அனுப்பப்பட்டனர். இவர்களை அன்றி ஏறக்குறைய 200 பேருக்குச் சட்டத்தை மதித்து நடக்குமாறு காவல்துறை அறிவுரை வழங்கியது. அவர்கள் தொடர்ந்து தங்கி வேலை செய்ய இசைவு பெற்றனர். நீதிமன்றம் காணாத அந்த அறிவுரை, கடன் வாங்கிக் கடல் கடந்து வந்த ஏழைத் தொழிலாளியின் நெஞ்சில் எத்துணை அச்சத்தை விளைத்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? "என் பெயர் எங்கே எழுதப்பட்டது?" என்னும் கவலை, எளியோர்க்கே மிகுதி.

அறிவுரை வேறு, காவல்துறை விடுக்கும் கடும் எச்சரிக்கை வேறு. பின்னதன் தகுதி யாது என்னும் வினா, போக்குவரத்தோடு தொடர்பில்லாத வேறொரு வழக்கில் எழுந்தது. 2015ஆம் ஆண்டில், ஜொலோவன் வாம் என்னும் சமூகச் செயற்பாட்டாளர் தொடுத்த அவ்வழக்கில் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் தெளிவான விளக்கம் தந்தது. எச்சரிக்கை என்பது, ஒருவர் குற்றம் புரிந்தார் என்று அதிகாரிகள் கொண்ட கருத்தே அன்றி வேறில்லை; அது அவர்தம் சட்ட உரிமைகளைக் கட்டுப்படுத்தாது; பின்னொரு வழக்கில் நீதிமன்றம் அதனை முற்குற்றமாகக் கொள்ளுதலும் ஆகாது. ஆயினும், அவர் மீண்டும் தவறினால், வழக்குத் தொடுப்பதா என முடிவு செய்கையில் அதிகாரிகள் பழைய எச்சரிக்கையை எண்ணிப் பார்க்கலாம். எச்சரிக்கை தண்டனை ஆகாது. எனினும் அது மறக்கப்படவேண்டிய கட்டாயமும் இல்லை. அடுத்த முறை அதே பரிவு கிட்டும் என்னும் உறுதியை எவரும் தரவில்லை.

குறள் காட்டும் நெறி

ஆளுவோன் கோலை ஓங்கும்போது கடுமையாக ஓங்கி, வீழ்த்தும்போது மென்மையாக வீழ்த்த வேண்டும் என்பது 'வெருவந்த செய்யாமை' அதிகாரத்தில் வள்ளுவர் கூறும் நெறி. வாய்மொழி எச்சரிக்கை இந்நெறியின் வடிவமே எனலாம். ஓங்கிய கோல் வீழாமலே திருத்தும் வழி அது.

1986ஆம் ஆண்டில் சிவப்பு விளக்கை மீறுவோரைப் படம் பிடிக்கும் கருவிகள் சிங்கப்பூர்ச் சாலைகளுக்கு வந்தன. கருவிக்குக் கண் உண்டு, வாய் இல்லை. அஃது எவரையும் எச்சரித்து அனுப்புவதில்லை. கண்டதைப் பதிவு செய்து வைக்கும். முதன்முறை தவறியவனையும் பன்முறை தவறியவனையும் முகம் பார்த்து வேறுபடுத்தும் ஆற்றல் மனிதனுக்கே உரியது. ஆதலின், காவலர் ஒருவர் வாயால் எச்சரித்து விடுவது சட்டத்தின் தளர்ச்சி அன்று. சட்டத்தில் மனிதனுக்கு இன்னும் இடமுண்டு என்பதன் அடையாளம்.

அந்த எச்சரிக்கை ஓட்டுநரின் பதிவேட்டில் ஏறுவதில்லை. ஏற வேண்டிய இடம் அவர்தம் நெஞ்சம். அங்கே அது பதியுமாயின் ஏட்டுக்கு வேலை இல்லை. அங்கே பதியாதொழியின், அடுத்த முறை ஏடு திறக்கப்படும்.