திரை ஆயத்தொலைவு வழித் தானியங்கு கிளிக்

கணினித் திரையின் ஒரு புள்ளியை இரண்டு எண்களால் குறித்து, மனிதர் எவரும் மவுஸைத் தொடாமலே அப்புள்ளியில் கிளிக் நிகழ்ந்ததாக இயங்குதளத்தையோ பிரவுசரையோ ஏற்கச் செய்யும் முறை இப்பெயரால் வழங்கும். வழக்கமாகத் திரையின் இடது மேல் மூலையே இதற்கு ஆதிப்புள்ளி. அங்கிருந்து வலப்புறம் செல்லும் தொலைவு எக்ஸ் எனவும், கீழ்நோக்கிச் செல்லும் தொலைவு ஒய் எனவும் பிக்சல் கணக்கில் எண்ணப்படும்; இவ்விரண்டுமே ஆயத்தொலைவு. வலைப்பக்கங்களைச் சோதிப்பதற்கும், ஒரே படிவத்தைப் பன்முறை நிரப்பும் அலுவலகக் காரியங்களுக்கும் இம்முறை பெரிதும் உபயோகமாகிறது. இதன் சரித்திரத்தைச் சுருங்கக் கூறின், அவ்விரு எண்களையும் யார், எப்போது கணக்கிடுவது என்னும் கேள்விக்குக் காலந்தோறும் தரப்பட்ட விடைகளின் வரிசை எனலாம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்திலுள்ள ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் வகுத்த கருத்தை ஆதாரமாகக் கொண்டு, 1964-இல் பில் இங்கிலிஷ் செய்து முடித்த முதல் மவுஸ், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு சக்கரங்கள் பொருத்திய ஒரு மரப்பெட்டியேயாகும். ஒரு சக்கரம் கிடைத் தொலைவையும் மற்றொன்று நெடுக்குத் தொலைவையும் அளந்தன. 1968 டிசம்பர் 9-இல் சான் பிரான்சிஸ்கோவில் பொது அரங்கில் காட்டப்பெற்ற அச்சாதனத்துக்கு 1970-இல் கிடைத்த காப்புரிமைப் பத்திரமும், எக்ஸ்-ஒய் நிலை காட்டி என்றே அதைக் குறிக்கிறது. இரண்டு எண்களைத் தருவதே மவுஸின் தொழிலாதலின், அவற்றைக் கையால் தராமல் நிரலால் தரக்கூடிய சாத்தியம் அதன் பிறப்பிலேயே அடங்கியிருந்தது.

அச்சாத்தியத்தைக் கையாண்ட முற்கால உதாரணங்களுள் பிரசித்தமானது, ஆப்பிள் நிறுவனத்தின் மாக்கின்டாஷ் யந்திரம் வெளிவருமுன், 1983-இல் ஸ்டீவ் கேப்ஸ் எழுதிய ‘குரங்கு’ என்னும் சிறு நிரலாகும். 128 கிலோபைட் நினைவகமே கொண்ட அந்த யந்திரத்தில் மாக்ரைட், மாக்பெயின்ட் போன்ற செயலிகள் நெருக்கடியில் எங்கே குலைகின்றன என்று கண்டறியும் பொருட்டு, அது ஓய்வின்றி எழுத்துகளைத் தட்டியும் கண்ட இடத்திலெல்லாம் கிளிக் செய்தும் அவற்றைச் சோதித்தது. இன்றும் இத்தகைய பரீட்சை குரங்குச் சோதனை என்றே வழங்குகிறது.

கண்ட இடத்தில் அழுத்துவதை விட்டு, கருதிய இடத்தில் அழுத்த முற்பட்டபோதுதான் இம்முறையின் இயற்கையான குறை வெளிப்பட்டது. 1990-இல் வந்த விண்டோஸ் 3.0 பதிப்புடன் அளிக்கப்பட்ட ரிக்கார்டர், மனிதர் செய்த மவுஸ் அசைவுகளைப் பதிந்து மீண்டும் ஓட்டிக் காட்டியது. எனினும் பதிந்த பின்னர்ச் சாளரம் சிறிது நகர்ந்திருந்தாலும் கிளிக் அயலிடத்தில் விழுமாதலால், தொலைவை முழுத்திரையிலிருந்து அளப்பதா, சாளரத்திலிருந்து அளப்பதா என்று உபயோகிப்பவரே தேர்ந்துகொள்ளும் வசதியும் அதில் இருந்தது. 1999-இல் ஆட்டோஇட், 2003-இல் ஆட்டோஹாட்கீ ஆகிய ஸ்கிரிப்ட் மொழிகள் தோன்றி, இவ்வித்தையைச் சாதாரண அலுவலர்க்கும் எட்டச் செய்தன.

வலைப்பக்கம் இக்குறையைப் பன்மடங்காக்கிற்று. எழுத்தின் அளவு, சாளரத்தின் அகலம், பக்கம் உருண்டு நிற்கும் இடம், தாமதமாக வந்திறங்கும் விளம்பரம் ஆகிய ஒவ்வொன்றும் பொத்தானின் ஸ்தானத்தை மாற்றவல்லது. திரையிலிருந்து அளக்கும் எண், பிரவுசரின் காட்சிப் பகுதியிலிருந்து அளக்கும் எண், பக்கத்தின் மேல்முனையிலிருந்து அளக்கும் எண் என மூன்று கணக்குகள் இங்கே உண்டு. நுண்திரைகளில் ஒரு வலைப் பிக்சல் பல மெய்ப் பிக்சல்களாக விரிவதால், இவற்றை ஒன்றோடொன்று குழப்பிய நிரல் பெரும்பாலும் தவறியே அழுத்தும்.

ஆகவே, பொருளை அதன் இடத்தால் அறியாமல் பெயரால் அறியும் மார்க்கம் தலையெடுத்தது. பக்கத்தின் உறுப்புகளை ஒரு மரவமைப்பாக வகுக்கும் டாம் தரநிலை 1998-இல் வெளியாயிற்று. 2004-இல் சிகாகோவில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கிய செலினியம், ‘இப்பெயருடைய பொத்தானை அழுத்துக’ என்று ஆணையிட வழி செய்தது. எனினும் ஆயத்தொலைவு இதனால் ஒழிந்துவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 2018-இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாகிய வெப்டிரைவர் விதிகளின்படி, பெயரால் குறித்த உறுப்பின் கண்ணுக்குத் தெரியும் பகுதியின் மையப்புள்ளி முதலில் கணக்கிடப்பட்டு, அப்புள்ளியிலேயே கிளிக் நிகழ்த்தப்படுகிறது. வேறோர் உறுப்பு அப்புள்ளியை மறைத்து நின்றால், கிளிக் இடைமறிக்கப்பட்டது என்னும் பிழை திரும்பி வருகிறது. பெயர்வழி முறை எண்ணை நீக்கவில்லை. முன்கூட்டியே எழுதிவைத்த எண்ணுக்குப் பதிலாக, அழுத்தும் தறுவாயில் கணித்த எண்ணை வைத்தது என்பதே உண்மை.

பெயரே இல்லாத இடங்களும் உள. வலைப்பக்கத்தின் கேன்வாஸ் என்னும் வரைபரப்பில் வரையப்பட்ட வரைபடங்களும் விளையாட்டுகளும், தொலைக் கணினியின் திரை படமாக மட்டும் வந்து சேரும் சந்தர்ப்பங்களும், உள்ளிருக்கும் பொத்தான்களைத் தனி உறுப்புகளாகக் காட்டுவதில்லை. இவற்றிலும் பயன்படுமாறு, பொத்தானின் உருவத்தையே திரையில் தேடி, அது கண்ட இடத்தை அழுத்தும் சிக்குலி என்னும் மென்பொருள் 2009-இல் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளரால் வெளியிடப்பட்டது. மவுஸை நிரலால் இயக்கும், பைதான் மொழிக்கான பைஆட்டோகியுஐ தொகுப்பு, நிரல் கைமீறி ஓடுமாயின் மவுஸைத் திரையின் மூலைக்கு இழுத்த அளவில் அதை நிறுத்திவிடும் பாதுகாப்பை உடன் வைத்திருக்கிறது.

துர்ப்பிரயோகமும் அதைத் தடுக்கும் உபாயங்களும் இத்துறையில் உடன் வளர்ந்தன. பக்கத்திலுள்ள ஸ்கிரிப்ட் தானே உண்டாக்கிய கிளிக்கை, மெய்யான கிளிக்கினின்று பிரித்தறியப் பிரவுசர்கள் அதற்கு ஓர் அடையாளம் இடுகின்றன. இயங்குதளத்தின் வழியே செலுத்தப்படும் கிளிக்கோ கையால் அழுத்தியதைப் போலவே பக்கத்துக்குத் தோன்றும். மனிதரையும் நிரலையும் வேறுபடுத்தும் காப்சா சோதனைகள் பரவியதற்கு, மனிதர்போல் நடிக்கும் நிரல்களின் போலிச் செயல்கள் பொதுவாகக் காரணமாயின.

2024 அக்டோபரில் ஆந்த்ரோபிக் நிறுவனமும், 2025 ஜனவரியில் ஓப்பன்ஏஐ நிறுவனமும் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகள், திரையின் படத்தைப் பார்த்து, அழுத்தவேண்டிய புள்ளியை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணிக்கின்றன. படம் சுருக்கி அனுப்பப்பட்டிருப்பின், கிடைத்த எண்களை மெய்த்திரையின் அளவுக்குப் பெருக்கியே அழுத்த வேண்டும். அது தவறினால், அன்று விண்டோஸ் ரிக்கார்டர் செய்த பிழையே மறுபடியும் நேரும்.