உச்சிப்பொழுதும் பன்னிரண்டு மணியும்

கூடி நம்புவதால் மட்டுமே நிலைபெறும் உண்மைகளுக்குப் பணத்தையும் நாட்டெல்லையையும் எடுத்துக்காட்டுவது ஆய்வாளர் வழக்கம். அவற்றைவிட நெருக்கமான ஒன்று நம் மணிக்கட்டில் இருக்கிறது. ‘மணி என்ன?’ என்று கேட்டால் கிடைக்கும் விடையை இயற்கை உண்மை என்றே கொள்கிறோம். அந்த விடை எப்படி எல்லோருக்கும் பொதுவாயிற்று என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இரயிலுக்கு முன்பு ஒவ்வோர் ஊருக்கும் தனி நண்பகல் இருந்தது. சூரியன் உச்சிக்கு வந்தால் அந்த ஊருக்கு நடுப்பகல்; அடுத்த ஊரைக் கேட்க வேண்டியதில்லை. நாளை 60 நாழிகையாகப் பகுத்த நம் முன்னோரும் பொதுவாக உள்ளூர்ச் சூரிய உதயத்திலிருந்தே எண்ணினார்கள். ஒரு நாழிகை 24 நிமிடம். மாட்டுவண்டியில் போகிறவருக்கு அதைவிட நுட்பமான கணக்கு எதற்கு?

இங்கிலாந்தில் 1840இல் கிரேட் வெஸ்டர்ன் இரயில்வே தன் நிலையங்கள் அனைத்திலும் இலண்டன் நேரத்தையே கடைப்பிடித்தது. அது நாட்டின் சட்டமாக 1880 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வழக்கம் முன்னே போக, சட்டம் பின்னே வந்தது. 1884 அக்டோபரில் வாஷிங்டனில் கூடிய 25 நாடுகளின் மாநாடு கிரீனிச்சை முதல் தீர்க்கரேகையாக ஏற்றபோது பிரான்ஸ் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. 1911இல் அது பணிந்த விதம் சுவையானது. பாரிஸ் நேரத்தில் 9 நிமிடம் 21 வினாடியைக் கழித்ததே பிரான்சின் நேரம் என்று சட்டம் எழுதினார்கள். கணக்கு கிரீனிச்சுடையது, பெயர் மட்டும் சட்டத்தில் இல்லை.

அடுத்த ஆண்டே பாரிஸில் சமூகவியலாளர் எமில் துர்க்கைமின் சமய வாழ்வு பற்றிய பெருநூல் வெளிவந்தது. காலம் என்ற கருத்து தனிமனித அனுபவத்தில் முளைத்ததன்று. சடங்கு, திருவிழா என்று கூட்டு வாழ்வு தனக்கு வகுத்துக்கொண்ட ஒழுங்கிலிருந்து வந்தது என்பது அதில் அவர் வைத்த வாதங்களுள் ஒன்று. வாதம் வலுவானதுதான். ஆனால் திருவிழாவுக்கு நாள் குறிப்பது யார், ஆலைச் சங்கை ஊதுவது யார் என்ற கேள்விக்கு அதில் போதிய இடமில்லை. இந்தியாவின் கதை அந்தக் குறையை வெளிச்சம் போட்டுக் காட்டுகிறது.

கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் கட்டியது. அதன் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. கிரீனிச்சைவிடச் சுமார் 5 மணி 21 நிமிடம் முந்திய ‘மெட்ராஸ் நேரம்’ இங்கிருந்து கணக்கிடப்பட்டது. பம்பாய் நேரம் அதற்கு அரை மணி பிந்தியது, கல்கத்தா நேரம் ஏறக்குறைய அவ்வளவே முந்தியது. நடுவில் இருந்ததாலும் வானாய்வகம் கைவசம் இருந்ததாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய இரயில்களும் தந்தி நிலையங்களும் மெட்ராஸ் நேரத்துக்கு மாறின. ஆனால் அது இரயிலடிக்குள் இருந்த உண்மை. வாசலைத் தாண்டினால் ஊர் நேரம். இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு பயணிகள் வண்டி பிடித்தார்கள்.

1880களில் பம்பாயில் மெட்ராஸ் நேரத்தைப் புகுத்த மாகாண அரசு முயன்று, எதிர்ப்பால் பின்வாங்கியது. பிறகு 1906 ஜனவரி 1 முதல் இந்திய நியம நேரம் நடைமுறைக்கு வந்தது. பம்பாய்க் கடிகாரங்களை 39 நிமிடம் முன்னே தள்ளச் சொன்னார்கள். அலுவலக மேசையில் அமர்ந்திருப்பவருக்கு அது முள்ளை நகர்த்தும் வேலை. விடியலில் ஆலைக்குள் நுழைகிறவருக்கோ தூக்கத்திலிருந்து பிடுங்கப்பட்ட 39 நிமிடம். அந்த மாதமே ஆலைத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். நகராட்சியும் பழைய பம்பாய் நேரத்துக்குத் திரும்பி, சுதந்திரத்துக்குப் பின்னரும் சில காலம் அதை விடாமல் வைத்திருந்தது. கல்கத்தா நேரமும் 1948 வரை உயிரோடு இருந்தது.

சென்னையில் வேறுபாடு ஏறக்குறைய 9 நிமிடம்தான், அது பழகிப்போயிற்று. எவ்வளவு ஆழமாகப் பழகியது என்பதைத் தினசரிக் காலண்டரில் பார்க்கலாம். இராகு காலம் சூரிய உதயத்திலிருந்து அத்தமனம் வரையுள்ள பொழுதை எட்டாகப் பகுத்து வருவது. எனவே ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் அது மாற வேண்டும். காலண்டரோ ஆண்டு முழுவதும் திங்கட்கிழமை 7.30 முதல் 9 வரை என்றே அச்சிடுகிறது. உதயம் எங்கும் என்றும் 6 மணிக்கே என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. கோவையில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் சராசரியாக 12.22 காட்டும் என்பதை அது பொருட்படுத்துவதில்லை. சூரியனிலிருந்து பிறந்த நம்பிக்கை சூரியனை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பற்றிக்கொண்டது. மரபு இதனால் பழுதாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. பொது உடன்பாடு எதுவரை ஊடுருவும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

உடன்பாடு முறிந்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை சான்று. 1996இல் வறட்சியால் நீர்மின் உற்பத்தி குன்றியது. மின்சாரத்தை மிச்சப்படுத்த மே மாதம் அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அக்டோபரில் அதில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. ஒரே தீவில், ஒரே சூரியனுக்குக் கீழே, சோதனைச்சாவடியைக் கடந்தால் அரை மணி நேரம் மாறியது. யாருடைய ஆட்சி நடக்கிறது என்பதைச் சுவர்க் கடிகாரமே சொன்னது. இதற்கிடையில் அரசின் பகுதியில் பள்ளிப் பிள்ளைகள் இருட்டில் எழுந்து கிளம்ப வேண்டியிருக்கிறது என்ற முறையீடு ஓயவில்லை. கூடி நம்பினாலும் விடியல் முன்னே வருவதில்லையே.

2006 ஏப்ரல் 15 அன்று கொழும்பு தன் கடிகாரங்களை அரை மணி பின்னே நகர்த்திப் பழைய நேரத்துக்குத் திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியில் யாரும் முள்ளைத் தொட வேண்டியிருக்கவில்லை.