அறுபத்தேழு ஆண்டுகள் ஒளிந்திருந்த அலை

உலோகத்துள் திரியும் எலெக்ட்ரான்களைத் தனித்தனி ஆள்களாகவே எண்ணிப் பழகியிருக்கிறோம். அவை ஊர்கூடித் தேர் இழுப்பதுபோல் ஒன்றுசேர்ந்து இயங்குவதும் உண்டு. அவ்வுண்மை வெளிப்பட்ட வரலாற்றையே இன்று நான் கூற விரும்புகிறேன்.

மின்சாரம் பாயும் வாயுக் குழாய்களை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் இர்விங் லாங்மியூர், அவற்றினுள் காணும் மின்னூட்டத் திரளுக்கு 1928-இல் ‘பிளாஸ்மா’ என்று பெயரிட்டார். மறு ஆண்டில் அவரும் டாங்க்ஸும் அதன் அலைவுகளை விளக்கினர். எலெக்ட்ரான் கூட்டம் ஒருபுறம் விலகினால், பின்தங்கிய நேர்மின் அயனிகள் அதனை ஈர்க்கின்றன. திரும்பும் கூட்டம் வந்த வேகத்தில் மறுபுறம் கடந்துவிடுகிறது. ஊஞ்சலின் ஆட்டம் போன்றதே இது.

உலோகத்திலும் இவ்வாறு நிகழும் என்பதைப் பிரின்ஸ்டனில் டேவிட் போமும் அவருடைய மாணவர் டேவிட் பைன்ஸும் 1951 முதல் 1953 வரை வெளியிட்ட கட்டுரைகளில் நிறுவினர். மெல்லிய அலுமினியத் தகட்டை ஊடுருவும் எலெக்ட்ரான்கள் ஏறத்தாழ 15 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலையோ அதன் மடங்குகளையோ இழப்பதன் காரணம் இதனால் விளங்கிற்று.

ஆசிரியரோ அங்கு நிலைக்கவில்லை. 1949-இல் அமெரிக்கக் காங்கிரசின் குழுவொன்று சக அறிஞர்களைப் பற்றி வினவியபோது, போம் விடையளிக்க மறுத்தார். வழக்கில் 1951-இல் விடுதலை பெற்றும், பல்கலைக்கழகம் அவரது பதவியைப் புதுப்பிக்கவில்லை. அவ்வாண்டே அவர் பிரேசில் நாட்டுக்குச் சென்றார். பணியை மாணவர் தொடர்ந்தார்.

அடுத்து ஆராய்ச்சி அடுக்குப் பொருள்களை நாடியது. இவற்றில் எலெக்ட்ரான்கள் ஓர் அடுக்கினுள் எளிதாக ஓடும். அடுக்குவிட்டு அடுக்குத் தாவுவது அரிது. ஆயினும் மின்விசை இடைவெளியைக் கடந்து அவற்றைப் பிணைக்கிறது. எல்லா அடுக்குகளும் ஒருசேர அலைந்தால் அதிர்வெண் உயர்கிறது. அடுத்தடுத்த அடுக்குகள் எதிரெதிராக அலைந்தால் மின்னூட்டங்கள் பெரும்பாலும் ஈடுசெய்யப்பட்டு, மீட்கும் விசை தளர்கிறது. அலைவு ஒலியலைபோல் மெதுவாகிறது. காலியம் ஆர்சனைடு அடுக்குகளில் ஒளிச்சிதறலைக் கொண்டு 1982-இல் பெல் ஆய்வுக்கூடத்தார் இவ்வலைவுகளை அளந்தனர்.

இதனினும் வியப்பானது ஒன்று உண்டு. ஒரே உலோகத்தில் இருவகை எலெக்ட்ரான்கள் எதிரெதிராக அலைந்தால், மொத்த மின்னூட்டம் எங்கும் மாறாது என்று 1956-இல் பைன்ஸ் கணித்தார். அவ்வலையை அவர் ‘டீமன்’, அதாவது பேய், என்றார். மின்னூட்ட மாற்றமின்மையால் அது ஒளியோடு உறவாடாது. ஆதலின் ஒளியை நம்பிய சோதனைகளுக்கு அது அகப்படவில்லை. 2018-இல் பைன்ஸ் மறைந்தார். 2023-இல், அவர் நெடுங்காலம் பணிபுரிந்த இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், ஸ்ட்ரான்சியம் ருத்தனேட் என்னும் அடுக்குப் பொருளின்மீது எலெக்ட்ரான்களைச் செலுத்தி ஆராய்ந்தபோது, தாம் தேடாத அப்பேயையே கண்டனர்.

கணித்தவர் காணாமலே சென்றார். ஆயினும் அவர் எழுதிவைத்த கணக்கு இருந்தமையாலன்றோ, கண்டவர்கள் கண்டது இன்னதென்று அறிந்தார்கள்!