பந்து பார்த்த நகரம்: சிட்டி ஸ்டேடியமும் பினாங்குக் காற்பந்து அணியும்

பொன்விழா மலர் என்றால் பள்ளிவாசல், மதரஸா, வணிகம், நலநிதி ஆகியவற்றின் வரலாறு அதில் இடம்பெறுவது வழக்கம். அவை இடம்பெறத்தான் வேண்டும். ஆனால் ஜார்ஜ்டவுனில் வாழ்ந்த நம் அத்தாமார்களும் பாட்டனார்களும் ஓய்வு நேரத்தில் எங்கே கூடினார்கள், எதற்காகக் கைதட்டினார்கள், எதற்காக மறுநாள் காலைவரை வாதாடினார்கள் என்று கேட்டால், பெரும்பாலான வீடுகளில் ஒரே பதில்தான் வரும்: "பந்து பார்க்கப் போவாங்க." அந்தப் பந்தின் கதையை, முக்கியமாக நம் நகரத்தின் பெயரைத் தாங்கிய அணியின் கதையை, நம் பிள்ளைகளுக்காகச் சொல்லிவைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திடலில் தொடங்கிய ஆட்டம்

1786இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய கடற்கரையை ஒட்டியே எஸ்பிளனேட் திடல் இருக்கிறது. ஆங்கிலேயர் தங்கள் விளையாட்டுகளைக் கொண்டுவந்து இறக்கிய இடமும் அதுதான். திடலின் ஒரு முனையில் வெள்ளையர்களின் கிரிக்கெட் கிளப், மறுமுனையில் யூரேசியர்களின் ரிக்ரியேஷன் கிளப். சீனர்கள் 1892இல் தங்களுக்கென்று சைனீஸ் ரிக்ரியேஷன் கிளப்பைத் தொடங்கி, பிற்காலத்தில் விக்டோரியா கிரீன் திடலை அதன் இருப்பிடமாக்கிக் கொண்டார்கள். விளையாட்டுக்கூட அன்று இனவாரியாகப் பிரிந்துதான் நடந்தது.

திடலிலிருந்து சிறிது தூரம் நடந்தால் சூலியா தெரு, 1801இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், நாகூர் தர்கா. துறைமுகத்தில் படகு வலித்தவர்களும் சுமை தூக்கியவர்களும் பணமாற்று, புத்தக வணிகம், நாசி கண்டார் என்று பல தொழில் பார்த்தவர்களும் குடியிருந்த வட்டாரம் அது. காற்பந்துக்குப் பெரிய செலவு கிடையாது. ஒரு பந்தும் ஒரு வெற்றிடமும் இருந்தால் போதும். பினாங்கு ஃப்ரீ ஸ்கூல், செயிண்ட் சேவியர்ஸ் போன்ற பள்ளிகளில் எல்லா இனப் பிள்ளைகளும் ஒரே குழுவில் ஆடத் தொடங்கியபோது, கிளப்புகள் போட்ட வேலி மெல்லத் தளர்ந்தது.

காலால் பந்தை ஆடும் கலை இங்கே ஆங்கிலேயருக்கு முன்பே உண்டு. வட்டமாக நின்று பிரம்புப் பந்தை நிலத்தில் விழாமல் தட்டும் சேப்பாக் ராகா அது. 1945இல் இதே பினாங்கில்தான் நடுவே வலை கட்டி, புள்ளி வைத்து ஆடும் புதிய முறை உருவானது. இன்று உலக நாடுகள் ஆடும் சேப்பாக் தக்ராவின் தொடக்கம் அதுவே. அந்த மாற்றத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் ஹமீது மைதீன்.

கிண்ணம் வந்த வழி

1921இல் எச்.எம்.எஸ். மலாயா என்ற போர்க்கப்பல் மலாயாத் துறைமுகங்களுக்கு வந்தது. இங்கே கிடைத்த வரவேற்பில் மகிழ்ந்த கப்பற்படையினர், காற்பந்துக்கு ஒன்றும் ரக்பிக்கு ஒன்றுமாக இரண்டு கிண்ணங்களை அன்பளிப்பாகத் தந்தார்கள். அந்தக் காற்பந்துக் கிண்ணம்தான் மலாயா கிண்ணம். 1967முதல் அதற்கு மலேசியக் கிண்ணம் என்று பெயர். முதல் ஆண்டிலேயே பினாங்கு போட்டியில் இறங்கியது. ஆனால் கிண்ணத்தைத் தொட 32 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

1932இல் சிட்டி ஸ்டேடியம் எழுந்தது. இன்றும் பயன்பாட்டில் உள்ள அரங்கங்களில் மலேசியாவிலேயே பழமையானது அது. டத்தோ கிராமாட் வட்டாரத்தில், குடியிருப்புகளுக்கு நடுவே அமைந்ததால் நகரத்தார் நடந்தும் சைக்கிளிலும் ரிக்‌ஷாவிலும் போய்ச் சேரலாம். அந்த அண்மையே பின்னாளில் அணியின் பலமாயிற்று.

1934இல் இறுதியாட்டம் வரை போய் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோல்வி. 1941இலும் அதே சிங்கப்பூர், அதே 1-2. அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானியக் குண்டுகள் ஜார்ஜ்டவுன்மீது விழுந்தன; காற்பந்து நின்றது. போருக்குப்பின் 1948இல் போட்டி மீண்டும் தொடங்கியது. 1950இல் மறுபடியும் சிங்கப்பூரிடம் தோல்வி. 1952இல் 2-3. மறுவருடம் 1953இல் கணக்கு திரும்பியது. அதே எதிரியை பினாங்கு 3-2 என்று வென்றது. 1954இல் 3-0, 1958இல் 3-1 என்று மேலும் இரு முறை சிங்கப்பூரை வீழ்த்திக் கிண்ணத்தைக் கொண்டுவந்தது. மலாயா விடுதலை பெற்ற மறுவருடம் கிடைத்த அந்த மூன்றாவது வெற்றியைப் பற்றிப் பேசாத பெரியவர்கள் குறைவு.

எழுபதுகளின் பொற்காலம்

நம் சங்கம் பிறந்த எழுபதுகள்தான் பினாங்குக் காற்பந்தின் உச்ச காலமும். அது சும்மா வந்ததல்ல. 1968 இறுதியாட்டத்தில் சிலாங்கூரிடம் 1-8 என்று நொறுங்கிய அணி இது. அடுத்த ஆண்டே மீண்டும் இறுதிக்கு வந்து, அதே சிலாங்கூரிடம் 0-1 என்று போராடித் தோற்றது. ஓர் ஆண்டில் எட்டு கோல் விட்ட இடத்தில் ஒரே கோல் விட்டது என்றால், அந்த இடைவெளியில் எவ்வளவு உழைப்பு நடந்திருக்க வேண்டும்!

அந்தத் தலைமுறையின் பெயர்களை இன்றும் பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். நாமாட் அப்துல்லா, ஷஹாருடின் அப்துல்லா என்ற சகோதரர்கள்; முகம்மது பாக்கார், அலி பாக்கார், ஈசா பாக்கார் என்ற மூன்று சகோதரர்கள். ஐவரும் பினாங்குச் சட்டையையும் தேசியச் சட்டையையும் அணிந்தவர்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியா ஆடி, அமெரிக்காவை 3-0 என்று வென்றபோது நாமாட்டும் ஷஹாருடினும் அந்த அணியில் இருந்தார்கள். ஒரு வீட்டிலிருந்து இருவர், இன்னொரு வீட்டிலிருந்து மூவர் என்று வரும்போது, ஓர் அணி என்பது எங்கோ தயாராவதல்ல, நம் தெருவில் வளர்வது என்ற எண்ணம் நகரத்தாருக்கு இயல்பாகவே வந்தது.

1974இல் மெர்டேக்கா அரங்கத்தில் பேராவை 2-1 என்று வென்று பினாங்கு நான்காவது முறையாகக் கிண்ணத்தை ஏந்தியது. 1977இல் மறுபடியும் இறுதியாட்டம், மறுபடியும் சிங்கப்பூர். கூடுதல் நேரத்தில் குவா கிம் சோங் அடித்த கோலால் 2-3 என்று கைநழுவிப் போனது. 1974க்குப் பிறகு அந்தக் கிண்ணம் பினாங்குக்கு வரவே இல்லை.

அந்த ஆட்டக்காரர்கள் பந்தை நம்பி மட்டும் வாழ்ந்தவர்கள் அல்லர். அந்தக் காலத்து ஆட்டக்காரர்களுக்கு அரசாங்க இலாகா, துறைமுகம், காவல்துறை என்று எங்காவது ஒரு வேலை இருந்தது. பகலில் வேலை, மாலையில் பயிற்சி. சனிக்கிழமை கோல் அடித்தவரைத் திங்கட்கிழமை அலுவலகத்திலோ தேநீர்க் கடையிலோ பார்த்து, "அந்தப் பந்தை ஏன் விட்டே?" என்று கேட்க ரசிகனுக்கு உரிமை இருந்தது.

சம்பளத்துக்கு ஆடும் காலம்

பிறகு முறை மாறியது. 1982இல் லீக் பட்டத்துக்கென்று தனிக் கோப்பை வைத்தபோது அதை முதலில் வென்றது பினாங்கு. 1989இல் பாதித் தொழில்முறை லீக் வந்தது. 1994இல் முழுத் தொழில்முறை. ஆட்டமே தொழிலானது. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வந்தார்கள், டிக்கெட் விலை ஏறியது, தொலைக்காட்சி வந்தது.

கூடவே இருளும் வந்தது. 1994, 1995ஆம் ஆண்டுகளில் ஆட்டத்தை விலைபேசும் ஊழல் மலேசியக் காற்பந்தையே உலுக்கியது. நாடு முழுவதும் 126 ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள். 21 பேர் நீக்கப்பட்டார்கள். 58 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அதன்பிறகு ஒரு கோல்காவலர் பந்தைத் தவறவிட்டால், "பாவம், வழுக்கிடுச்சு" என்று சொன்ன வாய் "எவ்வளவு வாங்கினான்?" என்று கேட்கத் தொடங்கியது. வணிகக் குடும்பங்களில் பிறந்த நமக்கு இது புரியும். கடையில் சரக்கு தீர்ந்தால் மறுநாள் வாங்கி வைக்கலாம். நாணயம் போனால் வாடிக்கை திரும்ப நாளாகும். காலியான இருக்கைகள் பல ஆண்டுகள் நிரம்பவில்லை.

இந்தச் சூழலிலும் பினாங்கு எழுந்தது. 1998இலும் 2001இலும் லீக் பட்டம், 2002இல் பேராவை 1-0 என்று வென்று எஃப்.ஏ. கிண்ணம். அந்த நான்கைந்து ஆண்டுகளைக் கண்டவர்களுக்கு இன்று நாற்பது, ஐம்பது வயது. நீலமும் மஞ்சளும் கலந்த சட்டையோடு ஸ்டேடியத்துக்குப் போனவர்கள், இஷா தொழுதுவிட்டு ஆட்டத்துக்கு ஓடியவர்கள், ஆட்டம் முடிந்து நள்ளிரவில் நாசி கண்டார் கடையில் கூட்டமாக நின்றவர்கள் இம்மலரின் வாசகர்களிலும் பலர் இருப்பார்கள்.

வட்டாரம் கலைந்த ஆண்டு

2000ஆம் ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று நம் குடும்பங்கள் மறக்காதது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு 1999 டிசம்பர் 31உடன் முடிந்தது. தலைமுறை தலைமுறையாகக் குறைந்த வாடகையில் நகருக்குள் குடியிருந்தவர்கள் வீட்டைக் காலிசெய்து கெலுகோர், பாயான் பாரு, கடலுக்கு அப்பால் செபராங் பிறை என்று சிதறினார்கள். மற்றொன்று, செபராங் பிறையின் பத்து காவானில் 40,000 பேர் அமரக்கூடிய புதிய மாநில அரங்கம் திறக்கப்பட்டது. சில பருவங்களில் பினாங்கு அணி தன் சொந்த ஆட்டங்களை அங்கே ஆடியது.

அன்று அங்கே போக ஒரு பாலம்தான் இருந்தது. பத்து காவானை இணைக்கும் இரண்டாவது பாலம் 2014 மார்ச் மாதத்தில்தான் திறந்தது. நடந்துபோய்ப் பார்த்த ஆட்டத்துக்குக் காரும் பெட்ரோலும் சுங்கக் கட்டணமும் தேவைப்பட்டன. ரசிகர்கள் நகரைவிட்டுப் போனார்கள். அணி அவர்கள் போன திசையில் போகவில்லை. இரண்டும் ஒரே காலத்தில் நடந்ததால் அறுந்த கயிறு எது என்று பலருக்குத் தெரியாமலே போயிற்று. "பசங்களுக்கு இப்போ நம்ம அணியில ஆர்வமில்லை, இங்கிலாந்து ஆட்டம்தான் பார்க்கிறாங்க" என்று குறைப்படும் பெரியவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மகனின் கையைப் பிடித்துக்கொண்டு தகப்பன் நடந்துபோன பாதை இல்லாமல் போனபின், ஆர்வம் மட்டும் எப்படி வரும்?

அணியும் சரிந்தது. முதல்நிலை லீக்கிலிருந்து இறங்கி, ஒரு கட்டத்தில் மூன்றாம் நிலைவரை போனது. 2013இல் அந்த மூன்றாம் நிலையை வென்று ஏறத் தொடங்கி, 2016இல் சூப்பர் லீக்குக்குத் திரும்பியது.

உலகம் பார்த்த கோல்

2016 பிப்ரவரி 16, சிட்டி ஸ்டேடியம். பினாங்குக்கும் பகாங்குக்கும் ஆட்டம். சுமார் 35 மீட்டர் தூரத்திலிருந்து முகம்மது ஃபாயிஸ் சுப்ரி ஒரு ஃப்ரீ கிக் அடித்தார். பந்து ஒரு பக்கம் போவதுபோல் போய், நடுவானில் மறுபக்கம் திரும்பி, கோல்காவலர் ஏமாந்து நிற்க வலையின் மேல்மூலையில் விழுந்தது. பினாங்கு 4-1 என்று வென்றது.

ஆண்டின் மிகச் சிறந்த கோலுக்கு ஃபிஃபா தரும் புஷ்காஷ் விருதுக்கான வாக்கெடுப்பில் அது 59.46 விழுக்காடு பெற்றது. 2017 ஜனவரி 9 அன்று சூரிக் நகர மேடையில், பிரேசிலின் ரொனால்டோ கையால் ஃபாயிஸ் அதைப் பெற்றார். அந்த விருதை வென்ற முதல் ஆசியர் அவர். ஏற்புரையைத் தொலைபேசியில் தேடித் தடுமாறிய அவரது வெட்கம் கலந்த சிரிப்பை உலகமே பார்த்தது. பெரிய நகரங்களின் பெரிய அரங்கங்களை எல்லாம் தாண்டி, 1932இல் கட்டிய நம் பழைய ஸ்டேடியத்தின் புல்தரையில் அந்தக் கோல் பிறந்தது என்பதில் ஜார்ஜ்டவுன்வாசி ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு.

யாருடைய அணி?

2020இல் பயிற்றுநர் மன்சூர் அஸ்விராவின் கீழ் பினாங்கு, கோவிட் காரணமாகச் சுருங்கிய பிரீமியர் லீக் பருவத்தை வென்று சூப்பர் லீக்குக்கு ஏறியது. 2021இல் செக் நாட்டுப் பயிற்றுநர் தோமாஷ் ட்ருஹாவின் கீழ் மூன்றாம் இடம் பிடித்தது. அதே காலத்தில் மாநிலச் சங்கங்களிலிருந்து அணிகளைப் பிரித்துத் தனி நிறுவனங்களாக நடத்தும் முறை நாடு முழுவதும் வந்தது. பினாங்கு எஃப்.ஏ. பினாங்கு எஃப்.சி. ஆயிற்று.

நிறுவனமாவதில் நன்மை உண்டு. கணக்கு தெளிவாகும், பொறுப்பு யாருடையது என்று தெரியும். ஆனால் நிறுவனத்துக்கு வாடிக்கையாளர் வேண்டும். சில மலேசிய அணிகள் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தர முடியாமல் தடுமாறியதையும், சில அணிகள் மூடப்பட்டதையும் அண்மைக் காலத்தில் பார்த்தோம். நூறாண்டு கண்ட பெயர் என்பதற்காக ஓர் அணி தானாகப் பிழைத்துவிடாது.

நம்மால் செய்யக்கூடியவை சிறியவை, ஆனால் செய்யக்கூடியவை. பருவத்தில் ஓர் ஆட்டத்துக்காவது பிள்ளைகளோடு, பேரப்பிள்ளைகளோடு சிட்டி ஸ்டேடியத்துக்குப் போவோம். ஆட்டக்காரராகவோ நடுவராகவோ டிக்கெட் கிழிப்பவராகவோ வாசலில் கச்சான் விற்றவராகவோ நம் குடும்பத்து மூத்தவர் இருந்திருந்தால், அவர் நினைவை அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்போம். அலமாரியில் உறங்கும் பழைய குழுப்படம், டிக்கெட் துண்டு, மங்கிப்போன சட்டை இவற்றைச் சங்கத்திடம் கொடுத்தால் படியெடுத்துப் பாதுகாக்கலாம். கிண்ணம் வென்ற ஆண்டுகள் ஏடுகளில் இருக்கின்றன. கைதட்டியவர்களின் பெயர்கள் நம் வீடுகளில்தான் இருக்கின்றன. அவற்றை நாமே எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை.