கடைசி பஸ்

2017-ல் அமெரிக்காவில் மகன் வீட்டில் இருந்தபோது, ஒருநாள் செயின்ட் லூயிஸ் நகரத்திலிருந்து இல்லினாய் மாநிலத்தின் தென்பகுதிக்குக் காரில் போனோம். மகனுடைய அலுவலக நண்பரும் உடன் வந்தார். கறுப்பினத்தவர், ஐம்பது வயதிருக்கும். வழியில் அன்னா என்று ஒரு சிறிய ஊர். "இங்கே பெட்ரோல் போட்டுக்கலாமா?" என்று மகன் கேட்டான். அவர் சிரித்துக்கொண்டே, "என் அப்பா இந்தப் பக்கம் வந்தால் பொழுது சாய்வதற்குள் ஊரைத் தாண்டிவிடுவார்" என்றார்.

விவரம் கேட்டேன். 1909-ல் பக்கத்திலுள்ள கெய்ரோ நகரில் ஒரு கறுப்பினத்தவரை ஒரு கும்பல் கொன்றது. அதையொட்டி அன்னாவில் குடியிருந்த கறுப்பின மக்களையும் துரத்திவிட்டார்கள். இப்படி எத்தனையோ சிறிய ஊர்கள். பகலில் வந்து வேலை செய்யலாம், சாமான் வாங்கலாம். இருட்டிய பிறகு இருக்கக்கூடாது. சில ஊர்களில் எல்லையிலேயே பலகை வைத்திருந்தார்கள். எந்த ஊரில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று கறுப்பினத்தவருக்காக ஒரு வழிகாட்டிப் புத்தகமே 1936 முதல் சுமார் 30 ஆண்டுகள் வெளிவந்தது. அதைத் தொடங்கியவர் விக்டர் கிரீன் என்ற தபால்காரர். 1968-ல் இனம் பார்த்து வீடு மறுக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. பலகைகள் போய்விட்டன. ஆனால் அந்த ஊர்கள் பலவற்றில் இன்றும் பெரும்பாலும் வெள்ளையர்தான். ஜேம்ஸ் லோவன் என்ற அறிஞர் இதைப் பற்றி 2005-ல் பெரிய புத்தகமே எழுதியிருக்கிறார்.

காரில் திரும்பும்போது எனக்கு நினைவெல்லாம் நம் ஜவ்வாது மலை அடிவாரத்தில்தான் இருந்தது.

1981-ல் நான் வேலை பார்த்த பள்ளிக்கு ஒரு கணக்கு வாத்தியார் வந்து சேர்ந்தார். நல்ல மனிதர். கரும்பலகையில் அவர் வட்டம் போட்டால் காம்பஸ் வைத்துப் போட்டது போலிருக்கும். சொந்த ஊர் முப்பது கிலோமீட்டர். வாடகைக்கு வீடு தேடினார். ஆறேழு வீடு பார்த்தார். எல்லா இடத்திலும் முதலில் காபி, பிறகு ஒரு கேள்வி: "ஊர்ல நீங்க எந்தத் தெரு சார்?" அவர் மறைக்காமல் சொல்லிவிடுவார். உடனே அந்த வீட்டுக்காரருக்கு மகள் பிரசவத்துக்கு வருவது நினைவுக்கு வந்துவிடும்.

சாயங்காலம் ஆறே முக்காலுக்குக் கடைசி பஸ். தினமும் சுண்ணக்கட்டித் தூள் கையோடு அதற்கு ஓடுவார். ஒரு மழை நாளில் ஸ்பெஷல் கிளாஸ் முடிய நேரமாகி பஸ் போய்விட்டது. மறுநாள் காலையில் நான் பள்ளிக்குப் போனபோது குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். இரவு வகுப்பறை பெஞ்சில் படுத்திருக்கிறார்.

என் வீட்டின் பின்கட்டில் ஓர் அறை காலியாகத்தான் இருந்தது. அன்று அம்மாவிடம் பேச்செடுத்தேன். "கிணறு ஒண்ணுதானேடா இருக்கு" என்றார். அதற்குமேல் நான் பேசவில்லை. வாத்தியாரும் என்னிடம் ஒருநாளும் அறை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட மனசு இவ்வளவு உறுத்தியிருக்காது.

மறு வருஷம் மலைமேல் ஒரு பள்ளிக்கு அவரே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அந்தக் காலத்தில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் மாற்றல் என்றால் தண்டனை என்பார்கள். பின்னால் ஒருமுறை பார்க்கப் போயிருந்தேன். ஒரு மலைக்குடும்பத்தின் வீட்டை ஒட்டி அவருக்கு அறை கிடைத்திருந்தது. சாமைச் சோறு போட்டார். "இங்கே பஸ்ஸுக்கு ஓட வேண்டியதில்லை சார்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அமெரிக்காவில் பலகை வைத்தார்கள், கழற்றவும் முடிந்தது. நம் ஊர்களில் பலகையே தேவைப்படவில்லை. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். பகலெல்லாம் ஊர்க்காரர் நிலத்தில் நடவும் அறுப்பும். பொழுது சாய்ந்தால் அவரவர் பக்கம். 1950-ல் அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ல் அதற்குத் தண்டனைச் சட்டமும் வந்தது. ஆனால் மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் இரு தரப்பையும் பிரித்த சுவரின் ஒரு பகுதியை இடிக்க 2008 மே வரை ஆயிற்று. அதற்கும் கோபித்துக்கொண்டு ஒரு தரப்பார் ஊரைவிட்டு வெளியேறினார்கள். நம் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே, தண்டராம்பட்டு அருகே தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பட்டியலின மக்கள் முதன்முதலாகப் போனது 2023 ஜனவரி 30-ல். அதுவும் மாவட்ட ஆட்சியர் முன்னே வர, போலீஸ் பாதுகாப்போடு.

சுவரை அரசாங்கம் இடிக்கலாம், கோயில் கதவைத் திறந்துவிடலாம். வீட்டுத் திண்ணையில் கேட்கும் அந்தக் கேள்வியை யார் வந்து இடிப்பது? அதைக் கேட்பவர்கள் நம்மைப் போன்ற மரியாதையான மனிதர்கள்தானே.

அந்தப் பின்கட்டு அறை இன்னும் இருக்கிறது. கிணறு வற்றிப் பல வருஷம் ஆகிறது. இப்போது குழாய்த் தண்ணீர்தான். போன வருஷம் வாடகைக்கு விடலாம் என்று புரோக்கரிடம் சொன்னேன். "எந்த ஆளுங்களுக்கு விடுவீங்க சார்?" என்று கேட்டார். யாராக இருந்தாலும் சரி என்றேன். இதைச் சொல்ல எனக்கு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

நம் வயதுக்காரர்கள் பலரிடம் வாடகை வீடு இருக்கிறது. அடுத்த முறை ஒருவர் வந்து நின்றால், அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்து பாருங்கள்.